கோஸ்டா ரிக்காவில் காட்டைத் தவிர என்ன இருக்கிறது?

கேட்டது இதுதான்: "பத்து நாள் கோஸ்டா ரிக்கா போக யோசனை. நாங்கள் இருவர், பத்து வயது மகள். அமெரிக்காவிலிருந்து கிளம்புவோம்; மாதம் இன்னும் முடிவாகவில்லை. யாரைக் கேட்டாலும் எரிமலை, ஜிப்லைன், குரங்கு என்கிறார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா போல அங்கே பண்பாடு என்று பார்க்க ஒன்றும் இல்லையாமே, உண்மையா? எங்கெங்கே போகலாம்?"

உண்மை இல்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் போன வழி அப்படி. விமானத்தை விட்டு இறங்கி, வாடகைக் கார் எடுத்து, அரெனால், மொன்டேவெர்டே, மனுவேல் அன்டோனியோ என்று சுற்றித் திரும்பினால் கண்ணில் படுவது காடும் விடுதியும்தான். அண்ணாந்து பார்க்க மாயா பிரமிடுகள் அங்கே இல்லை. ஸ்பானியர் ஆட்சியிலும் அது தங்கம், வெள்ளி பெரிதாகக் கிடைக்காத ஓரத்து மாகாணம். அதனால் கல்லில் இழைத்த பெரிய பெரிய தேவாலயங்களும் எழவில்லை. இருப்பதெல்லாம் சமையலில், மாட்டு வண்டியில், முகமூடியில், பாட்டில் இருக்கிறது. தேடிப் போனால்தான் கிடைக்கும்.

மொத்தப் பரப்பே 51,100 சதுர கிலோமீட்டர்; மக்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேல். இந்தச் சின்ன நாட்டுக்குள் மூன்று விதமான மழை, மூன்று விதமான சாப்பாடு, மூன்று விதமான இசை. நடுவில் காப்பி விளையும் மலைச் சமவெளி. வடமேற்கில் மாடும் சோளமும், மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியமுமாகக் குவானகாஸ்தே. கிழக்கில் வாழையும் தேங்காய்ப்பாலும், கலிப்ஸோ என்ற கரீபியன் பாட்டுமாக லிமோன். இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. விலங்குப் பட்டியலை வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஓடினால் பாதி விடுமுறை காரிலேயே போய்விடும். பத்து நாளைக்கு இரண்டு பகுதி போதும். எந்த இரண்டு என்பதை நீங்கள் போகிற மாதம் தீர்மானிக்கட்டும்.

செப்டம்பர், அக்டோபர் என்றால் யோசிக்கவே வேண்டாம், லிமோன். நாட்டின் மற்ற பாகமெல்லாம் மழையில் ஊறிக் கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் கரீபியன் கரையில் வெயில் அடிக்கும், கடலும் அடங்கியிருக்கும். பெரும்பாலான பயண நிறுவனங்கள் இந்தப் பகுதியைத் தங்கள் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம், ஏனென்றால் நீங்கள் கேட்கிற பண்பாடு அதிகம் தெரிவது இங்கேதான்.

மலைச் சமவெளியின் காப்பியைச் சீக்கிரமாக ஐரோப்பாவுக்கு அனுப்பவே 1871இல் கரீபியன் கடற்கரைக்கு ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். முடிய 1890 ஆகிவிட்டது. சதுப்பும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆட்களை விழுங்கின. வேலையை ஏற்று நடத்தியவர் மைனர் கீத் என்ற அமெரிக்கர். செலவை ஈடுகட்ட அவர் பாதையோரம் வாழை நட்டார். அந்த வாழை வியாபாரமே வளர்ந்து 1899இல் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஆயிற்று. தண்டவாளம் போட்டவர்களும் தார் வெட்டியவர்களும் பெரும்பாலும் ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தார். வேலை முடிந்தும் பலர் திரும்பவில்லை. ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்க நாட்டின் ஒரு மூலையில் ஆங்கிலம் பேசி, புராட்டஸ்டன்ட் சபைகள் கட்டி, கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

நாடு அவர்களை அன்போடு ஏற்றுக்கொள்ளவில்லை. 1930களில் கம்பெனி தன் வாழைத் தோட்டங்களைப் பசிபிக் பக்கம் நகர்த்தியபோது, அங்கே கறுப்பினத்தாரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1934இல் சட்டமே வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட முழுக் குடியுரிமை கிடைத்தது 1948 உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான். கோஸ்டா ரிக்கா சமாதான நாடு, சமத்துவ நாடு என்று விளம்பரங்கள் சொல்லும். லிமோன்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்.

இந்தச் சரித்திரம் தட்டில் தெரியும். நாட்டின் மற்ற இடங்களில் காலை உணவு கய்யோ பின்டோ: முந்தின நாள் சோற்றைக் கறுப்பு பீன்ஸோடு வெங்காயம், கொத்தமல்லி போட்டு வதக்கி, லிசானோ என்ற பழுப்பு நிறச் சாஸைத் தெளிப்பார்கள். லிமோனில் அதே அரிசியும் பீன்ஸும் வேறு பண்டம். சிவப்புப் பீன்ஸை வேகவைத்து, தேங்காய்ப் பால் ஊற்றி, தைம் இலை போட்டு, அதில் அரிசியை வேகவிடுவார்கள். குடைமிளகாயைக் குட்டியாக்கியதுபோல் இருக்கும் பனாமா மிளகாய் ஒன்றை முழுசாக மேலே வைப்பார்கள். அது உடையாமல் வெந்தால் வாசனை மட்டும் இறங்கும். கரண்டி பட்டு உடைந்துவிட்டால் பானை முழுக்க நெருப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் இதற்கு உரிய நாள். சைவம் என்றால் கூட வரும் கோழிக் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வறுத்த வாழைக்காய்த் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சி, வெல்லம், எலுமிச்சை சேர்த்த 'அகுவா தெ சாப்போ' என்ற பானத்தையும் விட்டுவிடாதீர்கள்.

தங்குவதற்கு லிமோன் நகரம் வேண்டாம். போதைக் கடத்தல் கும்பல்களால் சமீப ஆண்டுகளில் அங்கே குற்றம் கூடியிருக்கிறது. பகலில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். தெற்கே கவீட்டா என்ற சின்ன ஊர் குழந்தையோடு தங்கப் பொருத்தம். கலிப்ஸோ பாடகர் வால்டர் ஃபெர்குசன் வாழ்ந்த ஊர் அது. 1919இல் பிறந்து, நூறு வயதைத் தாண்டி 2023இல் காலமானார். ஊர் வம்பு, வழக்கு, காதல் எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டிவிடுவார். வீட்டில் உட்கார்ந்து கேசட்டில் பாடிப் பதிந்து, வந்து போகிற பயணிகளுக்கு விற்றார். நகல் எடுக்கும் வசதி இல்லாததால் ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகப் பாடினார். அவை பயணிகளின் பெட்டிகளில் உலகமெங்கும் போய்விட்டன. பிற்காலத்தில் ஆர்வலர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. லிமோன் கலிப்ஸோவை நாட்டின் பண்பாட்டு மரபாக அரசு அறிவித்தது 2012இல்தான்.

அதே ஊரின் வாசலில் கவீட்டா தேசியப் பூங்கா. 1990களில் அரசு நுழைவுக் கட்டணத்தை ஏற்றியபோது, பயணிகள் வரத்து நின்றுவிடும் என்று ஊரார் பூங்கா வாசலை மறித்துப் போராடினார்கள். முடிவில் பூங்காவை அரசும் ஊரும் சேர்ந்து நடத்துவது என்று ஏற்பாடானது. இன்றும் ஊர்ப்பக்க வாசலில் கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டதைக் கொடுத்துப் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, நடுவே சமதளமான ஒற்றையடிப் பாதை. தேவாங்கு மாதிரி மெதுவாக நகரும் ஸ்லாத்தும் ஊளையிடும் குரங்கும் பார்க்க மனுவேல் அன்டோனியோவின் கூட்டத்தில் இடிபட வேண்டியதே இல்லை.

அங்கிருந்து தலமான்கா மலையடிவாரம் பக்கம்தான். பிரிப்ரி பழங்குடியினர் வாழும் பகுதி. யோர்கின் என்ற கிராமத்துக்கு நீளமான ஓடத்தில் ஆற்றை எதிர்த்துப் போக வேண்டும்; தண்ணீர் குறைவான இடங்களில் ஓடக்காரர் கோல் ஊன்றித் தள்ளுவார். பிரிப்ரிகளுக்குக் குலம் தாய்வழி. கொக்கோ மரம் முன்பு பெண்ணாக இருந்தது, சிபோ என்ற தெய்வம் அதை மரமாக்கியது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சடங்குக்கான கொக்கோவைப் பெண்கள்தான் தயாரிப்பார்கள். வறுத்த கொட்டையைப் பலகைக் கல்லில் போட்டு, மேலே ஒரு பெரிய கல்லை இப்படியும் அப்படியும் ஆட்டி நசுக்குவார்கள். உங்கள் மகளையும் ஆட்டச் சொல்வார்கள், கை வலிக்கும். பாலும் சர்க்கரையும் படாத அந்தக் கசப்புப் பானத்தைக் குடித்தால் கடைச் சாக்லேட் எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டது என்று புரியும்.

அக்டோபரில் லிமோன் திருவிழா உண்டு, கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த நாளான 12ஆம் தேதியை ஒட்டி. ஊர்வலம், தாளம், ஆட்டம் எல்லாம் இருக்கும். போவதானால் பகல் ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி நடுச் சமவெளி. எந்த மாதம் போனாலும் இதைத் தாண்டித்தான் போவீர்கள். சான் ஹோசே அழகான நகரம் இல்லை, ஆனாலும் ஒரு நாள் கொடுக்கலாம். காப்பி ஏற்றுமதி வரியில் கட்டி 1897இல் திறந்த தேசிய நாடக அரங்குக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். அலெயார்தோ வில்லா என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த காப்பி, வாழை அறுவடைக் காட்சி. மலையில் விளையும் காப்பி, படத்தில் கடற்கரையில் காய்த்திருக்கிறது. நடுவில் ஒருவர் வாழைத்தாரைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். தார் சுமந்த யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். நாட்டைப் பார்க்காமலே வரைந்த படம் அது. இதையேதான் பிற்பாடு ஐந்து கொலோன் நோட்டிலும் அச்சடித்தார்கள்!

பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம். முன்பு அது ராணுவ முகாம். 1948 உள்நாட்டுப் போரில் வென்ற ஹோசே ஃபிகேரெஸ், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அந்த மதிலைச் சம்மட்டியால் அடித்து, இனி இந்த நாட்டுக்கு ராணுவம் இல்லை என்றார். இன்றுவரை இல்லை. கோபுரங்களில் துப்பாக்கிக் குண்டு துளைத்த தடங்கள் அப்படியே இருக்கின்றன. மகளுக்குக் காட்ட வேண்டிய இடம்.

வழி கேட்பதுதான் சான் ஹோசேயில் வேடிக்கை. தெருப்பெயர் இருந்தாலும் யாரும் சொல்வதில்லை. 'பழைய அத்தி மரத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே' என்பார்கள். அந்த மரம் விழுந்து பல காலம் ஆகியிருக்கும். 100 மீட்டர் என்றால் ஒரு தெரு நீளம் என்று மட்டும் தெரிந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

வடமேற்கே சார்ச்சி, வண்ண மாட்டு வண்டிகளின் ஊர். ரயில் வருவதற்கு முன் காப்பி மூட்டைகள் மலையிறங்கிப் பசிபிக் துறைமுகம் போய்ச் சேர 10 முதல் 15 நாள் ஆகும், வண்டிதான் வழி. சேற்றில் புதையாதிருக்க ஆரக்கால் இல்லாமல் முழுப் பலகையில் சக்கரம் செய்தார்கள். பிறகு அந்தப் பலகையில் நட்சத்திரமும் பூவுமாகத் தீட்ட ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் சக்கரத்தின் கோலத்தைப் பார்த்தே வண்டிக்காரர் எந்தப் பக்கத்தவர் என்று சொல்லிவிடலாம். சக்கரக் குடத்தில் ஓர் இரும்பு வளையம் மோதி மோதி எழுப்பும் ஒலி ஒவ்வொரு வண்டிக்கும் தனி. யுனெஸ்கோ இந்த மரபை 2005இல் அங்கீகரித்தது. பழைய பட்டறைகளில் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மார்ச் மாதம் போக முடிந்தால், இரண்டாம் ஞாயிறு எஸ்கசூ ஊரில் வண்டிக்காரர் தினம். உழைக்கிற மாடுகளும் ஓடுகிற வண்டிகளும் தெருவை நிறைத்து வரும்.

கிழக்கே பழைய தலைநகர் கார்த்தாகோ. அங்கே தேவதைகளின் மாதா பேராலயம். 1635இல் ஓர் ஏழைப் பெண் காட்டில் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் சின்னக் கறுப்புக் கல் மாதாவை 'லா நெக்ரிட்டா' என்று செல்லமாக அழைக்கிறார்கள். ஸ்பானியர் குடியிருப்புக்கு வெளியே, கறுப்பினத்தாரும் கலப்பினத்தாரும் ஒதுக்கிவைக்கப்பட்ட சேரியில் கிடைத்த சிலை இன்று நாட்டுக்கே காவல் தெய்வம். ஆகஸ்ட் 2 திருநாளுக்கு லட்சக்கணக்கானோர் சான் ஹோசேயிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் நடந்து வருவார்கள். ஆலயத்துக்குள் பலர் முழங்காலிலேயே பீடம்வரை போவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் வைத்த வெள்ளிக் கை, கால், கண்கள் கண்ணாடிப் பேழைகளில் குவிந்திருக்கும். அருகிலுள்ள உஹாராஸ் பள்ளத்தாக்கில் இறங்கினால், இடிந்த பழைய தேவாலயத்தைச் சுற்றி ஏக்கர் ஏக்கராகப் பந்தல். என்ன காய் என்று எட்டிப் பார்த்தால் நம் சௌசௌ. அதன் பூர்வீகமே மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம்தான்.

குவானகாஸ்தேவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அங்கே எப்படியும் எல்லாருமே போகிறார்கள். தமரிந்தோ கடற்கரையில் புளியின் பெயர் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் கலிபோர்னியா. உள்ளே போங்கள். 1824 ஜூலை 25 அன்று நிக்கோயா பகுதி தானாக முடிவெடுத்துக் கோஸ்டா ரிக்காவோடு சேர்ந்தது. அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை, அந்த நாள் அரசு விடுமுறை. சான்டா குரூஸ் பக்கம் மரிம்பா கேட்கலாம். ஆட்டத்தின் நடுவே ஒருவர் 'போம்பா!' என்று கத்துவார். இசை சட்டென்று நிற்கும். குறும்பான நாலு வரிக் கவிதை ஒன்றைச் சொல்வார். எல்லாரும் சிரிக்க, இசை விட்ட இடத்தில் தொடரும். குவாய்த்தில், சான் விசென்தே கிராமங்களில் சொரோத்தேகா என்ற பழங்குடியினரின் மரபுப்படி மண்பாண்டம் செய்கிறார்கள். காலங்காலமாகப் பெண்களின் கைத்தொழில். குயவர் சக்கரம் கிடையாது, கையாலேயே சுவரெழுப்பி, வண்ண மண்ணைக் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நிக்கோயாவில் மக்கள் நூறு வயது வாழ்கிறார்கள் என்ற பெயரை வைத்து விற்கிற ஸ்பாக்களுக்குப் பணத்தை இறைக்காதீர்கள். அந்தத் தாத்தா பாட்டிகள் சாப்பிட்டது சோள டார்ட்டியாவும் பீன்ஸும்.

அதே கரையில் ஒஸ்தியோனாலில், ஆயிரக்கணக்கான சிற்றாமைகள் ஒரே நேரத்தில் கரையேறி முட்டையிடும். முதல் ஓரிரு நாளில் இடப்பட்ட முட்டைகளை ஊரார் சட்டப்படியே எடுத்து விற்கிறார்கள். குதிகாலால் மணலை மிதித்து, எங்கே மெத்தென்று இருக்கிறதோ அங்கே தோண்டுவார்கள். கேட்டதும் கோபம் வரும். ஆனால் பின்னால் வரும் ஆமைகள் தோண்டி உடைக்கப்போகிற முட்டைகள்தான் அவற்றில் பெரும்பகுதி. பதிலுக்கு ஊரே கரையைச் சுத்தம் செய்து, திருடர்களிடமிருந்து காவல் காத்து, குஞ்சுகளைக் கடல்வரை பார்த்து அனுப்புகிறது.

மொன்டேவெர்டேயின் மேகக் காட்டுக்கும் இப்படி ஒரு மனிதக் கதை உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில், போரையே ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் 1940களின் கடைசியில் ராணுவப் பதிவுக்கு மறுத்துச் சிறை சென்றார்கள். அவர்கள், ராணுவத்தையே கலைத்த நாடு ஒன்று இருக்கிறதே என்று 1951இல் குடும்பங்களோடு வந்து குடியேறிய மலை அது. பால் மாடு வளர்த்தார்கள், சீஸ் செய்தார்கள். ஓடைத் தண்ணீர் வற்றாதிருக்க மலையுச்சிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். இன்றைய சரணாலயத்தின் விதை அதுதான். 1972இல் சரணாலயம் வந்தது. அப்படிக் காத்தும், அங்கே மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை ஒன்று 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஊஞ்சல் பாலமும் ஜிப்லைனும் இருக்கட்டும். விடியற்காலை ஒரு வழிகாட்டியோடு நடந்து கேட்சால் பறவையைத் தேடுவதுதான் இந்த ஊருக்கு ஏற்ற வேலை.

டிசம்பர் கடைசி என்றால் திட்டமே வேறு. அப்போது கரீபியன் பக்கம் மழை கொட்டும்; பசிபிக் பக்கம் காயத் தொடங்கியிருக்கும். தெற்கே போருக்கா என்ற பழங்குடிக் கிராமத்துக்குப் போங்கள். டிசம்பர் 30 நள்ளிரவு தொடங்கி ஜனவரி 2 வரை 'குட்டிப் பிசாசுகளின் ஆட்டம்'. சாக்குத்துணி போர்த்திய மரச்சட்டக் காளை ஒன்று, அது ஸ்பானியர். பால்சா மர முகமூடியும் வாழைச் சருகு உடையுமாக ஊர் ஆண்கள். அவர்கள்தான் பிசாசுகள், ஸ்பானியர் வைத்த பெயர். மூன்று நாள் வீடு வீடாக மோதிக்கொண்டு போவார்கள், வீட்டுக்கு வீடு சோளக் கள் கிடைக்கும். கடைசி நாள் பிசாசுகள் ஒவ்வொருவராகச் சாய்ந்து, மறுபடி எழுந்து, காளையைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். வேடிக்கைக்காக நடத்துகிற நிகழ்ச்சி இல்லை இது, ஊர்ச் சடங்கு. படம் எடுக்கும் முன் கேளுங்கள், வழியில் நிற்காதீர்கள். மோதல் நிஜமாகவே மூர்க்கமாக இருக்கும், குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள். விடுதி கிடையாது, வீடுகளில்தான் இடம், முன்கூட்டிப் பேசி வையுங்கள். முகமூடியைச் சான் ஹோசே கடையில் வாங்காமல் செதுக்கியவரிடமே வாங்கினால் பணம் முழுதாக அவர் கைக்குப் போகும்.

அங்கிருந்து பால்மார் சூர் பக்கமுள்ள ஃபின்கா 6 என்ற தொல்லியல் இடத்துக்குப் போய்விடலாம். 1930களில் வாழைத் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தபோது வெளிப்பட்ட கல் உருண்டைகள், சில 2.5 மீட்டர் விட்டம். இரும்புக் கருவி இல்லாத காலத்தில் கல்லால் கல்லைக் கொத்தி இத்தனை ஒழுங்காக உருட்டியிருக்கிறார்கள். உள்ளே தங்கம் இருக்கும் என்று சிலவற்றை வெடிவைத்துப் பிளந்தார்கள். பலவற்றைப் பணக்காரர் தோட்டங்களுக்கு அலங்காரமாக வண்டியேற்றினார்கள். ஃபின்கா 6இல் மட்டும் சில, வைத்தவர்கள் வைத்த வரிசையிலேயே கிடக்கின்றன. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

மிச்சம் நடைமுறை. இந்திய பாஸ்போர்ட் என்றால், அமெரிக்காவின் பன்முறை நுழைவு விசா இருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம் என்ற விதி உண்டு. விதிகள் மாறும், டிக்கெட் போடும் முன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சில இடங்களில் வழக்கம், சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். சான் ஹோசேயிலிருந்து லிமோன் போகும் மலைச்சாலை மழையில் சரிந்து அடிக்கடி மூடப்படும், அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைச் சமவெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போவாஸ் எரிமலைக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. எரிமலை முறைத்தால் பதிவு இருந்தாலும் மூடிவிடுவார்கள். பெரும்பாலான கடற்கரைகளில் காவலர் கிடையாது, இழுப்பு பலம். மகளைத் தண்ணீரில் இறக்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.